படி எண்ணியவர்

எங்கள் அலுவலகத்தில் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் புதிதாக வந்து சேருகிறவர்கள், இரண்டாவது மாதம் தவறாமல் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஊர்லேர்ந்து அப்பா அம்மா வர்றாங்க. புனேல எங்கெல்லாம் கூட்டிட்டுப் போகலாம்?" நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் இந்தக் கேள்வி. நானும் சொல்வேன். பர்வதி மலைக்கு நூற்றுக்கு மேல் படி. ஆனால் அகலப் படிகள், உயரம் குறைவு. சனிவார்வாடா அரண்மனையில் வாசலைத் தாண்டிவிட்டால் நடப்பது சுலபம். மதில்மேல் போகிற படிதான் செங்குத்து. சிம்மகட் கோட்டைக்கு வண்டி மேலே வரை போகும். இறங்கிய பிறகு ஏற்றம், நிழலில் உட்கார இடம் தேட வேண்டும்.

"நீ டூரிஸ்ட் கைடா, எலும்பு டாக்டரா?" என்று போன மாதம் ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இந்த நகரத்தை நான் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். பக்கத்து வீட்டு மாமாவின் வாயால்.

புனேயின் கராடிப் பகுதியில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற தெருவுக்குப் பின்புறம், தகரக் கூரை போட்ட பதினோரு அறைகள் ஒரே வரிசையில் இருந்தன. நான்காவது எங்களுடையது. ஐந்தாவது அவர்களுடையது. இரண்டு குடும்பமும் தென்காசிப் பக்கம். என் அப்பா சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி தெருத் தெருவாகப் போவார். மாமா ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் தகடு வளைக்கும் எந்திரத்தில் நின்றார். கம்பெனி பஸ் காலை ஆறே காலுக்கு மெயின் ரோட்டில் வரும். வார விடுமுறை வியாழக்கிழமை.

என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. எங்கள் வம்சத்தில் முதலில் படித்தவள் நான். இதை அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. மராத்தியில் படித்தேன், ஆங்கிலத்தில் முடித்தேன், தமிழை நானாக எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். பதினோரு அறைகளுக்கும் வருகிற காகிதம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். மாமாவும் என்னிடம்தான் வந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

"நான் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்." மாமா வாயில் இதுதான் எப்போதும். யார் எங்கே கிளம்பினாலும் அதற்கு முன்னால் அவர் அங்கே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தபோது, முதல் நாளே போய் எந்த வாசல், எந்த வரிசை, எந்த ஜன்னல் என்று பார்த்துவிட்டு வந்தார். வரிசையில் யாருக்காவது கல்யாணப் பத்திரிகை வந்தால், மண்டபத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பஸ் நம்பர் சொல்வார். அவர் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"என்னையப் பொண்ணு பாக்க வாரதுக்கு முந்தின நாளே இவுக தனியா வந்து எங்க தெருவப் பாத்துட்டுப் போயிருக்காவ. எங்க ஆத்தா பாத்துட்டு, யாரோ ஆடு திருட வந்தவன்னு நெனச்சுட்டா."

"நாய் கெடந்துச்சுன்னா? பெரியாளுக வாராவல்லா?" என்பார் மாமா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அவர்களுக்கு ஒரே பெண். முத்து. எனக்கும் அவளுக்கும் நான்கு மாத வித்தியாசம். எட்டு வயது வரை என்னோடு ஓடி விளையாடியவள்தான். பிறகு ஓடுவது நின்றது. பிறகு தரையிலிருந்து எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டிவந்தது. தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற நோய் என்றும், நிறுத்த மருந்து இல்லை என்றும், எவ்வளவு வருஷம் என்று சொல்ல முடியாதென்றும் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கும் மாமா முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். மற்ற எல்லாவற்றுக்கும் உதவின அந்தப் பழக்கம் அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

ஏழாவது படிக்கும்போது எங்கள் பள்ளியில் ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். பழைய நகருக்குள், சந்து மாதிரியான தெருவில், மூன்று அடுக்கு வீடு ஒன்றில் இருந்தது அது. யாரோ ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த பழைய வீட்டுச் சாமான்கள். டீச்சர் முத்துவிடம் மட்டும், "உனக்குக் கஷ்டமா இருக்கும் கண்ணு, வீட்டிலயே இரு" என்று மராத்தியில் அன்பாகத்தான் சொன்னார். நான் போனேன். திரும்பி வந்து மூன்று நாள் அதையே பேசினேன். இரண்டாவது மாடியில் ஒரு அறை முழுக்க விளக்குகள், யானை மேல் விளக்கு, பெண் கையில் விளக்கு, சங்கிலியில் தொங்குகிற விளக்கு என்று அடுக்கினேன். பார்த்ததைவிடக் கூடுதலாகவே சொல்லியிருப்பேன். முத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"மொத்தம் எத்தன படி?"

நான் எண்ணவில்லை.

வாசலில் உட்கார்ந்து காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்து பார்த்தார். "நான் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்" என்றார். அடுத்த வியாழக்கிழமையிலிருந்து அது தொடங்கியது.

ஏன் தூக்கிக்கொண்டு போகவில்லை என்று கேட்கத் தோன்றும். அதற்கு முந்தின கோடையில் ஊருக்குப் போவதற்காக ரயில் நிலையத்தின் மேம்பாலத்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பெண், கால்கள் இரண்டும் தொங்க. எதிரே வந்த ஒரு கிழவி நின்று, பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து முத்துவின் கையில் வைத்து, தலையைத் தடவிவிட்டுப் போயிருக்கிறாள். முத்து அந்தப் பழத்தைத் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை. சோலாப்பூர் தாண்டும் வரை கையிலேயே வைத்திருந்தாளாம். பிறகு சொன்னாளாம். "அப்பா, இனிமே என்னைய வெளிய யாரும் தூக்கக் கூடாது."

மாமா சரி என்றார். அவளே நடந்து, அவளே பார்க்கிற மாதிரி இடமாகப் பார்த்துக் கூட்டிப் போகிறேன் என்று வாக்கும் கொடுத்தார். அவர் சரி என்று சொன்னால் அது சரிதான். அதில்தான் எல்லாமே போயிற்று.

ஒரு முறை போனார்கள். அந்த ஒரே முறை. நகரத்தின் தெற்குப் பக்கம் ஒரு மிருகக்காட்சிப் பூங்கா. மாமா மூன்று வியாழக்கிழமைகள் போய்ப் பார்த்து வந்து, "படியே கெடையாது. நல்ல தார்ப் பாத. நாப்பது எட்டுக்கு ஒரு பெஞ்சு. ஆளே இல்ல, ஈ காக்கா இல்ல" என்றார். எங்களுக்குப் பள்ளி இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, லீவு போட்டுக் கூட்டிப் போனார். வியாழக்கிழமை காலியாக இருக்கிற பூங்கா ஞாயிற்றுக்கிழமையும் காலியாக இருக்கும் என்று நினைக்கிற ஆள் அவர். ஏழு வருஷமாக அந்த நகரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட அவர் வெளியில் பார்த்ததில்லை. ஞாயிறென்றால் அவர் தொழிற்சாலையில் இருப்பார்.

நானும் போயிருந்தேன். பெஞ்சு எல்லாவற்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேல் பூரி தின்றுகொண்டிருந்தார்கள். புலி குகையிலிருந்து வெளியே வந்துவிட்டது என்று யாரோ கத்த, கூட்டம் மொத்தமாக அதைப் பார்க்க ஓடியது. யாரும் முத்துவைப் பிடித்துத் தள்ளவில்லை. ஒரு சிறுவனின் முதுகுப்பை உரசியது, அவ்வளவுதான். அவளுக்கு அது போதும். முகம் குப்புற விழுந்தாள். முன்பல் பாதி உடைந்தது. புலியையும் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது முத்துதான் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "பரவால்லப்பா, நல்லா இருந்துச்சு" என்றாள்.

அதற்கப்புறம் அவர் பார்வை மாறிவிட்டது. அதற்கு முன் முத்துவால் போக முடிகிற இடத்தைத் தேடினார். அதற்குப் பின் முத்து விழ முடியாத இடத்தைத் தேடினார். இரண்டுக்கும் வித்தியாசம் அப்போது யாருக்கும் தெரியவில்லை.

எட்டாவது படிக்கும்போது, பள்ளி விடுமுறையான ஒரு வியாழக்கிழமை, என்னையும் கூட்டிக்கொண்டு அந்த விளக்கு அருங்காட்சியகத்துக்குப் போனார். போர்டு படிக்க ஆள் வேண்டும் என்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வியாழக்கிழமை மட்டும் அந்தச் சட்டை. கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பார், தொழிற்சாலைக்குக்கூட அப்படிப் போகமாட்டார்.

உள்ளே போனதும் நான் கண்ணாடிப் பெட்டிகளை நோக்கி ஓடினேன். அவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். காலணியைக் கழற்றிப் பையில் வைத்தார். இரண்டு கால்களையும் அகல வைத்தார். வயிற்றை முன்னால் தள்ளினார். வலது கையைத் தொடையில் ஊன்றி, இடுப்பை ஒரு பக்கமாக எறிந்து, ஒரு படி ஏறினார். நின்றார். மூச்சு வாங்கினார். மறுபடி தொடையில் கை.

அது முத்துவின் நடை. அப்படியே அவள்தான். நாற்பது தாண்டிய ஆளின் உடம்பில் அவள் ஏறிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். காவலாளி ஸ்டூலிலிருந்து எழுந்து ஓடி வந்தார். "காய் ஜாலா காக்கா?" என்று பதறினார். என்ன ஆச்சு பெரியவரே என்று கேட்கிறார்.

மாமா தன் இந்தியில் சொன்னார். "குச் நஹி. மேரா பேட்டி ஆயேகி. ஹம் பெஹலே தேக்தா." ஒன்றுமில்லை, என் மகள் வருவாள், நான் முதலில் பார்க்கிறேன்.

காவலாளிக்குப் புரிய வைத்தது நான்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு படிக்கட்டின் நடுவில் இருந்த திருப்பத்தைக் காட்டினார். "அங்கே என் ஸ்டூலைப் போடறேன். பொண்ணு உக்காந்து உக்காந்து ஏறட்டும். யார் என்ன சொல்லப் போறாங்க? எப்ப வரா?" என்றார் மராத்தியில்.

நான் அதை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். முதல் மாடிக்கு இருபத்தாறு படி. அப்போது முத்து கைப்பிடி இருந்தால் நிற்காமல் இருபத்திரண்டு படி ஏறுவாள். ஸ்டூலும் போட்டால் இரண்டு மாடியும் ஏறிவிடலாம். மாமா படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ என்னளா சொல்லுத? படிச்சவ நீ. கூட்டியாரலாமா?"

யாரும் என்னிடம் அந்த மாதிரிக் கேட்டதில்லை. முப்பது வயது மூத்த ஒரு ஆம்பளை, ஒரு பெரிய கட்டடத்தின் நடுவில், என் தீர்ப்புக்குக் காத்து நிற்கிறார். நான் பள்ளியில் புதிதாகக் கற்ற ஒரு வார்த்தை கையில் இருந்தது.

"வேண்டாம் மாமா. ரிஸ்க்" என்றேன்.

"ரிஸ்க்கா?"

"நாலு படி கூட இருக்கு. திருப்பத்துல கைப்பிடி இல்ல. விழுந்துட்டா?"

அவர் உடனே தலையாட்டினார். நிம்மதியாகக்கூட இருந்தது அவர் முகம். "அதான் நானும் நெனச்சேன். வேற எடம் பாப்போம்" என்றார். காவலாளியிடம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

இருபத்திரண்டு படி. அத்தனை படி அவள் ஏறிய கடைசி வருஷம் அதுதான். ஒன்பதாவதில் பதினான்கு ஆயிற்று. பத்தாம் வகுப்பு மாடியில் இருந்ததால் ஒன்பதோடு நின்றாள். அதற்கடுத்த வருஷம் ஒன்பது படி. பிறகு நான்கு. பிறகு எங்கள் வாசலில் இருந்த ஒரே படியில் அவள் உட்கார்ந்து நகர்ந்து இறங்குவதைப் பார்த்தேன்.

மாமா ஒரு வியாழக்கிழமையையும் விடவில்லை. இந்த ஊரில் அருங்காட்சியகங்களுக்கா பஞ்சம்? குட்டி ரயில் ஓடுகிற இடம், பழைய துப்பாக்கிகள், பழங்குடி மக்களின் முகமூடிகள், அறிவியல் பூங்கா, கோளரங்கம், அரண்மனை என்று போய்க்கொண்டே இருந்தார். திரும்பி வந்ததும் முதலில் எங்கள் வீட்டுக்கு வருவார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்வார். "பதினாலு படி. எல்லாம் நல்ல படி. ஆனா வழவழன்னு கல்லு. மழ பெஞ்சா வழுக்கும்." நான் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் சொல்வேன். "வேண்டாம் மாமா." அவர் போவார். சுவருக்கு அந்தப் பக்கம் முத்து கேட்கிற சத்தம் வரும். "எப்படிப்பா இருந்துச்சு?" "வேண்டாம்ளா. கல்லு சரியில்ல. வேற எடம் பாக்கேன்."

ஒன்று கவனித்தேன், மிகப் பிந்தித்தான் கவனித்தேன். அவள் பதினான்கு படி ஏறிய வருஷத்தில் அவர் பத்துப் படி இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தார். கைப்பிடி ஆடுகிறது என்று யோசித்தார். அங்கிருந்தவர்கள் கைப்பிடியை இறுக்கியபோது அவள் ஒன்பதுக்கு வந்துவிட்டாள். நான்கு படி இடம் கிடைத்தபோது அவளுக்கு நான்கும் போயிற்று. அவர் போய்ப் பார்த்துவிட்டு வருகிற நேரத்தில் அவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த விளக்கு அருங்காட்சியகத்துக்கு மட்டும் வருஷம் ஒரு முறை திரும்பிப் போவார், யாராவது ஏதாவது மாற்றியிருப்பார்களா என்று. அந்தக் காவலாளிக்கு அவரை அடையாளம் தெரியும். "பேட்டி ஆயீ க்யா?" என்பாராம், மகள் வந்தாளா என்று. "ஆயேகி" என்பாராம் இவர். நான்கைந்து வருஷம் கழித்துப் போனபோது ஸ்டூலில் வேறு ஆள். அந்த ஆள் ஒன்றும் கேட்கவில்லை என்று மாமா குறையாகச் சொன்னார்.

சக்கர நாற்காலி வந்த பிறகு கொஞ்ச நாள் எனக்கே நம்பிக்கை வந்தது. அப்போது கல்லூரியில் இருந்தேன், கையில் போன் இருந்தது. சரிவுப் பாதையும் லிஃப்டும் உள்ள ஒரு புதிய காட்சிக்கூடத்தைத் தேடி எடுத்து அவருக்குக் காட்டினேன். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"லிப்ட்டு நின்னு போச்சுன்னா?"

"நிக்காது மாமா."

"நான் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்."

நான்கு வியாழக்கிழமை போனார். காலையிலிருந்து மாலை வரை அந்த லிஃப்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான்காவது வியாழக்கிழமை மின்சாரம் போய் இரண்டே இரண்டு நிமிஷம் அது நின்றது. வந்து சொன்னபோது அவர் குரலில் வெற்றி மாதிரி ஒன்று இருந்தது. "நான் சொன்னேன்லா?"

அன்றைக்குத்தான் அத்தை சத்தம் போட்டாள். அவள் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் பன்னிரண்டு மாடிக்கும் தரை துடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை.

"ரெண்டு நிமிசம் இருட்டுல இருந்தா செத்தா போவா? எலிக்குஞ்சு மாதிரி இருக்கா. நான் ஒத்த இடுப்புல வச்சு மூணு மாடியும் ஏறி எறங்கிருவேன்."

"அவட்ட கேளு" என்றார் மாமா.

"நான் வரல" என்று உள்ளேயிருந்து முத்து சொன்னாள்.

"என்னைக்கோ ஒரு கெழவி வாழப்பழம் குடுத்தா. அதுக்கு அப்பனும் மகளும் எத்தன வருசம் வீம்பு பிடிப்பிய? அந்தக் கெழவியே செத்துப் போயிருப்பா."

முத்து சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. "வாக்குக் குடுத்திருக்கேன்ட்டி" என்றார். அத்தை துடைப்பத்தை எடுத்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த வாசலைப் பெருக்கினாள்.

இந்த மனிதரை நான் எப்படி வைத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என் அப்பா என்னை எங்கேயும் கூட்டிப் போனதில்லை, எனக்காக எங்கேயும் போய்ப் பார்த்ததும் இல்லை. நான் விழுந்தேன், எழுந்தேன், போனேன். மாமா மாதிரி ஒரு அப்பா கிடைத்திருந்தால் என்று சின்ன வயதில் பொறாமைப்பட்டிருக்கிறேன். பிறகு அதே அன்பை நினைத்தால் மூச்சு முட்டும். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தது எல்லாம் உண்மை. வழுக்குகிற கல் வழுக்குகிற கல்தான். ஆடுகிற கைப்பிடி ஆடுகிற கைப்பிடிதான். ஒரு வியாழக்கிழமைகூட அவர் சொன்னது தவறாக இருந்ததில்லை. நான் சொன்ன 'ரிஸ்க்'கும் தவறில்லை. என்னை யாரும் குறை சொன்னதுமில்லை. முத்துகூட.

நாங்கள் இருந்த அறைகளை இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். எனக்கு வேலை கிடைத்திருந்ததால் நாங்கள் நகரத்தின் மறுகோடியில், நிக்டியில் வீடு பார்த்துப் போனோம். அவர்களுக்குத் தரைத் தளத்தில், கழிவறை உள்ளேயே இருக்கிற மாதிரி, கட்டுப்படியாகும் இடம் கிடைக்கவில்லை. ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். போய் எட்டாவது மாதம் அத்தை என் அம்மாவுக்குப் போன் செய்தாள். முத்து தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றாள். மாமா எப்படி இருக்கிறார் என்று அம்மா கேட்டாள். "இருக்காவ" என்றாளாம். எனக்கு இரண்டு நாள் லீவு கிடைத்திருக்கும். நான் போகவில்லை.

கடைசியாக அவர்களை நான் பார்த்தது, அவர்கள் கிளம்புவதற்கு முந்தின வியாழக்கிழமை. சாமான் கட்ட உதவப் போயிருந்தேன். முத்துவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நாற்காலியில் உட்காருவதும் போய்விட்டது. கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். தானாகப் புரள முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது திருப்பிவிட வேண்டும். பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

"நிக்டி எப்படி இருக்கு, ஆபீசர் அம்மா?" என்று கேட்டாள்.

"மூணாவது மாடி. லிப்ட் இல்ல."

"ரிஸ்க்" என்றாள். உடைந்த பல் தெரியச் சிரித்தாள்.

சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. மாமாவை மட்டும் காணவில்லை. "இன்னைக்குமா போயிருக்காவ?" என்று கேட்டேன். அத்தை கயிற்றை இழுத்து முடிந்தாள்.

மூன்று மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பித்தான். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும், "நீயும் இருக்கியாளா, நல்லதாப் போச்சு" என்று கட்டிலின் காலடியில் உட்கார்ந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

"கெடச்சிட்டுளா முத்து. புது எடம். தெறந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. ரோட்டுலேர்ந்து உள்ள வர ஒரு படி கெடையாது. ஒரு விரக்கட மேடுகூட இல்ல. கதவு தானாத் தெறக்குது. கட்டிலோடயே உள்ள போவலாம், அவ்வளவு அகலம். நான் தரையெல்லாம் தடவிப் பாத்துட்டேன். வழுக்கல. ஞாயித்துக்கெழம எப்படின்னு கேட்டேன், நேரம் போட்டுத்தான் விடுதானாம், கூட்டமே சேராதாம். கரண்டு போனா அடுத்த நொடி ஜெனரேட்டரு. ஒரு கொறையும் இல்லளா."

பேசி முடித்துவிட்டு, பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்லுத?"

அடுத்த நாள் சாயங்காலம் அவர்களுக்கு ரயில்.

முத்துதான் பேசினாள். "அங்க உள்ள என்னப்பா இருக்கு?"

"எங்க?"

"இப்பச் சொன்னீங்கல்லா, அந்த எடத்துல. பாக்கதுக்கு என்ன வச்சிருக்காவ?"

மாமா யோசித்தார். "ஏதோ... கண்ணாடிப் பெட்டி எல்லாம் இருந்துச்சு" என்றார்.

"பெட்டிக்குள்ள?"

அவர் தரையைப் பார்த்தார்.

"சரி, முந்தி அந்த விளக்கு மியூசியம் போனீங்கல்லா. வருசா வருசம் போனீங்க. அந்த யான விளக்கு எப்படிப்பா இருந்துச்சு?"

"நான் சொல்றேன்" என்று குறுக்கே வந்தேன்.

"நீ பேசாத. நான் அப்பாட்ட கேக்கேன்."

அத்தை கையில் பிடித்திருந்த கயிறு அப்படியே இருந்தது.

"நான் பாக்கலளா" என்றார் மாமா.

"ஒண்ணு கூடவா?"

"உன்கூடச் சேந்து பாக்கலாம்னு இருந்தேன்."

முத்து கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. அழவும் இல்லை. இமைப்பது மட்டும் மெதுவாக இருந்தது. வெளியே யாரோ இரும்புக் கட்டிலை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் வரிசையின் கோடி வரை போய் நின்றது.

"சரிப்பா" என்றாள். "என்னையச் சொவரு பக்கமாத் திருப்பி விடுங்க."

அவர் எழுந்தார். ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, அவளைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டார்.